மன்னிக்கும் இறைவனும் மனந்திரும்பும் மனிதனும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கொலை செய்தவனும், கொள்ளையடித்தவனும், பெற்றவரைக் கண்ணீர் சிந்த வைத்தவனும் மனம் மாறினால் மோட்சம் சேர முடியுமா? மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கேள்வி எழாத ஆண்டே இல்லை எனலாம். "முடியும்" என்று நம் திருச்சபை தயங்காமல் பதில் கூறுகிறது. உடனே நம் மனத்தில் இரண்டாவது கேள்வி எழுகிறது. அப்படியானால் ஒழுங்காக வாழ்ந்தவருக்கு என்ன நியாயம்? தீமைக்கு ஆளானவரின் கண்ணீருக்கு என்ன பதில்? முதல் கேள்வியைவிட இந்த இரண்டாவது கேள்வியே கடினமானது. இரண்டிற்கும் நம் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருள் என்பது யாது?

நம் பாட்டிமார் செபமாலை சொல்லும்போது 'பிரியதத்தம்' என்ற பழைய சொல் ஒன்று அவர்கள் வாயில் வரும். இன்று நாம் அதே இடத்தில் 'அருள்' என்கிறோம். பிரியம் என்றால் அன்பு. தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. அன்பினால் கொடுக்கப்பட்டது எதுவோ அதுவே அருள். எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள்! கூலி என்பது உழைப்புக்குக் கிடைப்பது. பரிசு என்பது திறமைக்குக் கிடைப்பது. அருளோ கொடுப்பவரின் அன்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு வருவது. அதைக் கேட்டு வாங்க நம்மிடம் எந்த உரிமைச் சீட்டும் இல்லை.

இந்த உண்மையை ஆண்டவர் இயேசு ஒரு கணக்கின் மூலம் விளக்கினார். மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் வரும் இரக்கமற்ற ஊழியனின் உவமையே அது. அரசன் ஒருவனுக்கு அவனுடைய ஊழியன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஊழியன் காலில் விழுந்து கெஞ்ச, அரசன் முழுக் கடனையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த அதே ஊழியன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய தோழனின் கழுத்தைப் பிடித்து நெரித்துச் சிறையில் அடைத்தான்.

நாம் இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறோமா? தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆகவே பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், அந்த ஊழியன் இரண்டு இலட்சம் ஆண்டுகள் உழைத்தாலன்றி அக்கடனை அடைக்க முடியாது! அவன் தோழன் பட்ட கடனோ நூறு நாள் கூலி. நான்கு மாதம் பொறுத்திருந்தால் திரும்பி வந்திருக்கும். இறைவன் நமக்கு மன்னிப்பதற்கும், நாம் பிறருக்கு மன்னிக்க வேண்டியதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அந்த நூறு நாள் கூலியும் சிறிய தொகை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி வாங்குபவருக்கு நூறு நாள் கூலி என்பது பெரும் இழப்பு. பிறர் நமக்குச் செய்யும் தீமையும் உண்மையான இழப்பே என்பதை ஆண்டவர் மறுக்கவில்லை.

கடன் என்ற சொல்லை ஆண்டவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? அவர் பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்லே வழங்கியது. மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கற்பித்த செபத்திலும் கிரேக்க மூலத்தில் கடன் என்ற சொல்லே நிற்கிறது.

கடனின் பாரம் என்னவென்று காஞ்சிபுரத்தில் பிறந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர், அதை அடைக்கும் வரை அவருடைய தறியை விட்டு நகர முடியாத நிலை நம் ஊரில் நெடுங்காலம் இருந்தது. சென்ற தலைமுறையில் அந்த முன்பணத்துக்காகப் பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர் சிறுமியர்கூடத் தறியில் உட்கார்த்தப்பட்டனர். உழைக்க உழைக்கக் கடன் குறையாது. இத்தகைய கட்டுகளை உடைக்கவே 1976-ஆம் ஆண்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கொத்தடிமையாக இருப்பவரின் கடன் அடியோடு ஒழிந்தது என்று அச்சட்டம் கூறுகிறது. கடனாளி அடைத்ததால் அது தீரவில்லை. அவனுக்கு மேலான ஓர் அதிகாரம் "இனி இல்லை" என்று சொன்னதால் தீர்ந்தது. பாவ மன்னிப்பும் ஏறக்குறைய இத்தகையதே. தன்னால் அடைக்க முடியாத கடனிலிருந்து மனிதன் விடுவிக்கப்படுகிறான். அக்கடனைச் சிலுவையில் தம் இரத்தத்தால் இயேசு அடைத்தார் என்பது நம் விசுவாசம்.

முயற்சி முதலா, அருள் முதலா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். மனிதன் முதலில் திருந்த வேண்டுமா, அல்லது இறைவன் முதலில் அருள வேண்டுமா?

இந்த ஐயம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் காஞ்சி மாநகரிலேயே நூற்றாண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஊரின் தூப்புல் பகுதியில் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்த வேதாந்த தேசிகரை ஆசாரியராகக் கொண்ட வடகலை வைணவர்கள், குரங்குக் குட்டியை உவமை காட்டுவர். தாயை இறுகப் பற்றிக்கொள்வது குட்டியின் பொறுப்பு. பிள்ளை உலகாசிரியர் வழிவந்த தென்கலை வைணவர்களோ பூனைக் குட்டியைக் காட்டுவர். தாய்ப்பூனையே குட்டியைக் கவ்விக் கொண்டு செல்லும். குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சமயம் வேறாயினும், மனித உள்ளம் கேட்கும் கேள்வி ஒன்றே என்பதை அறிந்து நாம் வியப்படைகிறோம்.

நம் திருச்சபையிலும் இவ்வாதம் நடந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்ற துறவி, மனிதன் தன் சொந்த முயற்சியாலேயே நல்லவனாக முடியும் என்று போதித்தார். அதை எதிர்த்து நின்றவர் புனித அகுஸ்தீன். 354-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அவர், இளமையில் தடம் மாறித் திரிந்தவர். அவருடைய தாய் புனித மோனிக்காள் பல ஆண்டுகள் அழுது மன்றாடினார். 387-ஆம் ஆண்டில்தான் மிலான் நகரில் புனித அம்புரோசு கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். "முயன்றால் போதும்" என்ற போதனை பொருந்தாது என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். திருந்த வேண்டும் என்று விரும்பியபோதும் திருந்த முடியாமல் தவித்தவர் அல்லவா?

418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையை மறுத்தனர். பின்னர் திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் இதைத் தெளிவாக்கியது. முதலில் வருவது இறைவனின் அருள். அதைத் தூண்டும் தகுதி மனிதனிடம் இல்லை. ஆனால் அருள் நம்மைத் தொடும்போது, இசையவும் மறுக்கவும் நமக்குச் சுதந்திரம் உண்டு. கத்தோலிக்கரையும் லூத்தரன் சபையாரையும் பிரித்து வைத்த பல காரணங்களுள் இந்த அருளைப் பற்றிய வாதமும் ஒன்று. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பினரும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு, நாம் மீட்கப்படுவது அருளினாலேயே, நம் புண்ணியத்தினால் அன்று என்று ஒருமித்துக் கூறினர்.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்துவிட்டால் என்ன ஆகும்? அறுந்த இழை தானாகப் பிணைந்து கொள்ளாது. கவனிக்காமல் நெய்தால் அந்தக் குறை துணி நெடுகக் கோடாக ஓடும். நெய்பவர் தறியை நிறுத்தி, குனிந்து, இழையைத் தேடி எடுத்துப் பிணைக்க வேண்டும். காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்லும் மேய்ப்பனும், காணாமற்போன காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண்ணும், தூரத்தில் வரும் மகனைக் கண்டு ஓடிச் சென்று தழுவும் தந்தையும் லூக்காவின் 15-ஆம் அதிகாரத்தில் நமக்குக் காட்டுவது இதனையே. தேடுதல் இறைவனிடமிருந்தே தொடங்குகிறது.

மன்னிப்பு மலிவானதா?

"இவ்வளவு எளிதாக மன்னிப்பு கிடைக்குமானால், இன்று பாவம் செய்து நாளைப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமே" என்று சிலர் பரிகாசமாகக் கூறுவதுண்டு. இது அறியாமையால் வரும் பேச்சு. நல்ல ஒப்புரவுக்குரிய ஐந்தையும் நாம் புதுநன்மை வகுப்பிலேயே கற்றிருக்கிறோம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்னும் பிரதிக்கினை, குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகியவையே அவை. பிரதிக்கினை இல்லாத இடத்தில் மனஸ்தாபம் இல்லை. மனஸ்தாபம் இல்லாத இடத்தில் மன்னிப்பும் இல்லை. நாளை மன்னிப்பு கேட்கலாம் என்று திட்டமிட்டு இன்று பாவம் செய்பவர், இறைவனின் இரக்கத்தையே பாவத்துக்குக் கருவியாக்குகிறார்.

பரிகாரம் என்பது சில செபங்களோடு முடிந்து விடுவதன்று. திருடியவர் பொருளைத் திருப்பித் தர வேண்டும். பிறர் பெயரைக் கெடுத்தவர் அதைச் சரிசெய்ய முயல வேண்டும். எரிக்கோ நகரில் வரி வசூலித்த சக்கேயுவைப் பாருங்கள். தன் வீட்டிற்கு இயேசு வந்த அன்றே, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவன் வாக்களித்தான். இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவன் பணத்தைத் திருப்பித் தந்த பிறகு இயேசு அவன் வீட்டிற்கு வரவில்லை. இயேசு வந்ததால் அவன் கை திறந்தது. அருள் முன்னே, பரிகாரம் பின்னே.

இதற்கு நேர்மாறாக, "என் பாவத்துக்கு மன்னிப்பே கிடையாது" என்று சோர்ந்துபோவதும் தவறாகும். இராயப்பர் என்னும் பேதுரு மும்முறை மறுதலித்தார். யூதாசு காட்டிக் கொடுத்தான். இருவரும் வருந்தினார்கள். ஒருவர் அழுது திரும்பி வந்தார். மற்றவனோ நம்பிக்கையை இழந்தான். திரும்பி வந்தவரிடமே ஆண்டவர் தம் மந்தையை ஒப்படைத்தார். நம்மில் சிலர் வெட்கத்தினாலோ பயத்தினாலோ ஒரே குறையை மாதக்கணக்கில் மனத்தில் சுமந்துகொண்டு திரிகிறோம். குரு அதைக் கேட்டுத் திடுக்கிடப் போவதில்லை. யாரிடமும் சொல்லப் போவதுமில்லை. பாவசங்கீர்த்தன இரகசியத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட அவருக்கு அதிகாரமில்லை.

அருளுக்கு ஒரு சாட்சி

இனி நம் இரண்டாவது கேள்விக்கு வருவோம். தீமைக்கு ஆளானவருக்கு என்ன பதில்? இதற்கு நூல்களைவிட நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே சிறந்த விளக்கம் தருகிறது.

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில் புல்லுவழி என்ற சிற்றூரில் 1954 ஜனவரி 29 அன்று பிறந்தவர் அருட்சகோதரி ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்த அவர், வட இந்தியாவில் பணியாற்ற முன்வந்தார். 1992-இல் மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த உதய்நகர் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பழங்குடி மக்கள் வட்டிக்காரரிடமும் நிலக்கிழாரிடமும் கடன்பட்டு, நிலத்தையும் உழைப்பையும் இழந்து வாழ்வதைக் கண்டார். சேமிக்கவும், வங்கியில் கடன் பெறவும், தங்கள் உரிமையைக் கேட்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கடனில் பிழைத்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று அவர் இந்தூர் நோக்கிப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோது, அவர்களால் தூண்டப்பட்ட சமுந்தர் சிங் என்ற இளைஞன் அவரைப் பயணிகள் கண்ணெதிரிலேயே கத்தியால் பலமுறை குத்திக் கொன்றான். அப்போது அவருக்கு வயது 41.

கொலையாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உறவினர்கள் கைவிட்ட நிலையில் அவன் சிறையில் கிடந்தான். அவனைச் சென்று பார்த்தவர் சுவாமி சதானந்த் என்னும் கத்தோலிக்கக் குரு. பின்னர் 2002-இல், கொல்லப்பட்ட சகோதரியின் உடன்பிறந்த தங்கையும் அதே சபையின் கன்னியருமான சகோதரி செல்மி பால் சிறைக்குச் சென்றார். எதற்காக? ரட்சா பந்தன் திருநாளையொட்டி அவன் கையில் ராக்கிக் கயிறு கட்டித் தன் சகோதரனாக ஏற்றுக்கொள்வதற்காக! தன் அக்காளைக் குத்திய அதே கையில் அவர் கயிறு கட்டினார். அவனை விடுதலை செய்யுமாறு குடும்பத்தினரே அரசிடம் வேண்டினர். 2006-இல் அவன் விடுதலையானான். மறு ஆண்டில் அவன் புல்லுவழிக்குச் சென்று, ராணி மரியாவின் தாயார் முன் நின்றான். அந்த மூதாட்டி அவன் கைகளைப் பற்றி முத்தமிட்டார். தம் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்று சொல்லியே அவர் முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருட்சகோதரி ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

இதை வாசிக்கும்போது, "எங்களால் முடியாது" என்று நம் மனம் சொல்கிறது. அது உண்மையே. மனித பலத்தால் இது இயலாது. அதனால்தான் இதை அருள் என்கிறோம். அருள் பாவியின் உள்ளத்தில் மட்டுமா செயல்படுகிறது? பாதிக்கப்பட்டவரின் உள்ளத்திலும் அது செயல்படுகிறது. மனம் திரும்பிய பிறகு அவன் மன்னிக்கப்பட்டான் என்றும் சொல்ல முடியாது. மன்னிப்பு தேடி வந்தபோதே அவன் மனம் திரும்பினான் என்று சொல்வதே பொருந்தும். சக்கேயுவின் கதை மறுபடியும் நிகழ்ந்தது.

தாயார் செய்ததில் வேறொன்றும் அடங்கியிருக்கிறது. அவர் தம் மகளின் இரத்தத்தை மறந்துவிடவில்லை; அதை நினைத்தே முத்தமிட்டார். பாவத்தைச் சிறியது என்று சொல்பவருக்கு மன்னிக்க வேண்டிய தேவையே இல்லை. அதன் பெருமளவைக் கண்டறிந்தவர் மட்டுமே மன்னிக்க முடியும். ஆகவே மன்னிப்பு தீமைக்கு ஆளானவரின் கண்ணீரை அவமதிப்பதில்லை. அக்கண்ணீரின் விலையை முழுமையாக எண்ணிப் பார்த்த பின்னரே அது தரப்படுகிறது.

மன்னிப்பு எது அன்று?

இவ்விடத்தில் நாம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளாகிய நாம், ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். மன்னிப்பது என்றால் தீமையை மூடி மறைப்பது என்று பொருளாகாது. நமக்கோ நம் தோழிக்கோ யாரேனும் கொடுமை இழைத்தால், மன்னிக்க வேண்டும் என்று சொல்லி வாய்மூடி இருப்பது கிறிஸ்தவ நெறியன்று. பெற்றோரிடமும், நம்பத்தக்க சகோதரிகளிடமும், ஆசிரியைகளிடமும் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் சட்டத்தின் உதவியையும் நாட வேண்டும். சமுந்தர் சிங்கும் பல ஆண்டுகள் சிறையில் இருந்த பின்னரே வெளியே வந்தான்.

1986 பிப்ரவரியில் நம் சென்னைக்கு வருகை தந்த புனித இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். 1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் அவர் சுடப்பட்டார். சுட்ட மனிதனை உடனே மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27 அன்று ரோமாபுரிச் சிறைக்கே சென்று, அவனருகில் அமர்ந்து பேசினார். ஆயினும் அவன் 2000-ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையில் இருந்தான். மன்னிப்பு வெறுப்பை நீக்குகிறது, நீதியை நீக்குவதில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது நமக்கு நலம்.

நாம் செய்யக் கூடியது

நம் வாழ்வில் இத்தகைய பெரிய சோதனைகள் வராமற் போகலாம். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் இருக்கும் தோழியர் இல்லாத வகுப்பு உண்டா? பாகப் பிரிவினையால் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் செல்லாத அண்ணன் தம்பி குடும்பங்கள் நம் தெருக்களில் இல்லையா? பெரியவர்கள் பேசாததால் சித்தப்பா பிள்ளைகளோடு விளையாட முடியாத சிறுவர்கள் எத்தனை பேர்! இவையெல்லாம் நூறு தெனாரியக் கடன்கள். சிறியவை என்று சொல்ல மாட்டோம். ஆனால் தீர்க்கக் கூடியவை.

மூத்த மகனின் மனநிலை நமக்கு வராதிருக்க வேண்டும். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது, ஒழுங்காக வீட்டில் இருந்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நின்றான். தந்தை அவனையும் தேடி வெளியே வந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நல்ல பிள்ளைகளுக்கும் அருள் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஒழுங்காக வாழ்ந்தவருக்கு என்ன நியாயம் என்று தொடக்கத்தில் கேட்டோம். தந்தையோடு எப்போதும் இருந்ததும், தந்தைக்குரியதெல்லாம் தன்னுடையதாக இருந்ததுமே அவன் பெற்ற பேறு. அதை உணர்ந்தவன் தம்பியின் விருந்தைக் கண்டு பொறாமைப்பட மாட்டான்.

ஆகவே தோழிகளே, பாவத்தைக் கண்டு அஞ்சுவோம். ஆனால் பாவம் செய்துவிட்டோமே என்று இறைவனிடமிருந்து ஓடாதிருப்போம். ஆறு கோடி நாள் கூலியை நமக்குத் தள்ளுபடி செய்த அரசரின் வாசலிலிருந்து வெளியே வரும் நாம், நம் தோழியின் கழுத்தைப் பிடிக்காமல் அவள் கையைப் பிடிப்போமாக!